எங்கள் பாஷையில் கேள்வி, எந்தக் கணக்கில் பதில்?

"நானா, இப்ப கொம்பியூட்டர்கிட்ட தமிழ்லயே கேட்டா கணக்கெல்லாம் எடுத்துத் தருமாமே, மெய்தானா?"

கடந்த இரண்டு மூன்று வருடங்களாக இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பொரளையில் இருந்துகொண்டு கம்பனிகளின் தரவுத்தளங்களோடு மாரடிப்பதுதான் என் தொழில் என்பதால் கேட்கிறார்கள். ஒருவர் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர். இன்னொருவர் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மற்றொருவர் தேயிலைப் பக்டரிக்குக் கொழுந்து கொடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். மூவருக்கும் என் பதில் ஒன்றுதான். மெய்தான், கேட்கலாம், பதிலும் வரும். ஆனால் வருகிற பதில் நாம் கேட்ட கேள்விக்கு உரியதுதானா என்பது வேறு விடயம். அந்த வேறு விடயத்தைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

விளக்கத்துக்குத் தேயிலையை எடுத்துக்கொள்கிறேன். எமது நாட்டில் நீண்டகாலமாக எண்களைச் சேர்த்து வைத்திருக்கும் கைத்தொழில்களில் அது முக்கியமானது. கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி நடந்தது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லொட்டுக்கும் ஓர் இலக்கம், எந்தப் பக்டரியின் மார்க், என்ன தரம், எத்தனை கிலோ, என்ன விலை என்று பதிவு இருந்து வருகிறது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஏலமே இணையவழிக்கு மாறியது. பக்டரிக்குள்ளும் அப்படித்தான். வந்த கொழுந்தின் கிலோ, வாட்டிய மணித்தியாலம், காய வைக்கும் மெஷினின் வெப்பம், இறங்கிய தூளின் கிலோ என்று ஒவ்வொன்றும் எங்காவது ஓர் அட்டவணையில் போய்ச் சேருகிறது.

தரவு இருக்கிறது. ஆனால் அதை விசாரிக்கக் கூடியவர் யார்? வினவல் மொழி தெரிந்த ஓரிருவர்தான். டீமேக்கருக்கோ, கணக்கப்பிள்ளைக்கோ, கொழுந்து கொடுப்பவருக்கோ ஏதாவது தெரிய வேண்டுமென்றால், அந்த ஓரிருவருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது ஏற்கனவே அடித்து வைத்த றிப்போர்ட்டில் இருப்பதோடு திருப்திப்பட வேண்டும். பேச்சுமொழியில் கேட்கலாம் என்ற வசதியின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

கேள்வி எப்படி வினவலாகிறது?

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், மேலிருந்து கீழே போவது நிரல், இடமிருந்து வலமாகப் போவது நிரை. ஏல விற்பனை அட்டவணையில் ஒரு நிரை என்றால் ஒரு லொட். தரம், கிலோ, விலை, திகதி என்பன நிரல்கள். தரவுகளை இப்படி அட்டவணைகளாக அடுக்கும் முறைக்குக் கணித அடிப்படை போட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்த எட்கர் கொட். அவருடைய கட்டுரை 1970இல் வெளிவந்தது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமன்ட் பொய்ஸ் இருவரும் 1974இல் அந்த அட்டவணைகளை விசாரிக்க ஒரு மொழியை அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அதற்கு சீக்வெல் என்று பெயர். பின்னர் எஸ்.கியூ.எல். ஆனது. இன்றும் உலகின் பெரும்பாலான வங்கி, வைத்தியசாலை, பக்டரிக் கணக்குகள் அந்த மொழியில்தான் விசாரிக்கப்படுகின்றன.

ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைப்போம்: "போன கெழம பி.ஓ.பி. எவ்வளவு போச்சு?" இதை வினவலாக்குவதென்றால் மூன்று விடயங்களைப் பிரித்தெடுக்க வேண்டும். எதைத் தர வேண்டும்? கிலோக்களின் கூட்டுத்தொகையை. இது செலெக்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும். எந்த அட்டவணையிலிருந்து? விற்பனை அட்டவணையிலிருந்து. இது ஃப்ரொம் என்பதற்குப் பின்னால். எந்த நிபந்தனையோடு? தரம் பி.ஓ.பி. ஆகவும் திகதி போன கிழமைக்குள்ளும் இருக்க வேண்டும். இது வெயார் என்பதற்குப் பின்னால். இந்த மூன்றும் சரியாக விழுந்தால் தரவுத்தளம் ஒரு நொடியில் பதில் சொல்லும்.

இந்த வேலையில் தமிழ் சில இடங்களில் கைகொடுக்கிறது. "எத்தனை லொட்?" என்றால் நிரைகளை எண்ண வேண்டும். "எவ்வளவு கிலோ?" என்றால் கூட்ட வேண்டும். எண்ணுவதும் கூட்டுவதும் எஸ்.கியூ.எல்.இல் இரண்டு வெவ்வேறு கட்டளைகள். எழுத்துத் தமிழ் இரண்டையும் தானாகவே பிரித்துத் தந்துவிடுகிறது. வேற்றுமை உருபுகளும் அப்படித்தான். "மாத்தறையிலிருந்து", "ஆயிரம் ரூபாயை விட", "ஜூன் மாதத்துக்குள்" என்று சொல்லின் வாலிலேயே நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சில இடங்களில் பாஷை காலை வாரியும் விடும். பேச்சில் "எவ்வளவு பேர் வந்த?" என்றும் கேட்கிறோம். அங்கே கூட்ட ஒன்றுமில்லை, எண்ணத்தான் வேண்டும். "உம்" விகுதி இதைவிடப் பெரிய சிக்கல். "காலியும் மாத்தறையும் தந்த கொழுந்து" என்று சொல்பவர் இரண்டு இடத்துக் கொழுந்தையும் சேர்த்துக் கேட்கிறார். இதை அப்படியே எழுத்துக்கு எழுத்து மாற்றினால், இடம் காலியாகவும் அதே நேரம் மாத்தறையாகவும் உள்ள நிரைகளைத் தேடச் சொன்னதாகிவிடும். அப்படி ஒரு நிரை உலகத்தில் இல்லை. நாம் "உம்" என்று சொல்லும் இடத்தில் தரவுத்தளத்துக்கு "அல்லது" என்று சொல்ல வேண்டும். இந்த மாதிரியான இலக்கணச் சிக்கல்களை இன்றைய செயற்கை நுண்ணறிவு பெரும்பாலும் தாண்டிவிட்டது. தாண்டாதது வேறொன்று.

இது பழைய ஆசை

பேச்சுமொழியில் தரவைக் கேட்கும் ஆசை எஸ்.கியூ.எல்.ஐ விட மூத்தது. 1961இலேயே அமெரிக்காவில் பேஸ்போல் என்ற பெயரில் ஒரு புரோகிராம் இருந்தது. ஒரு பருவகாலத்து பேஸ்போல் ஆட்டங்களின் விபரங்களைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் அது பதில் சொல்லும். பத்து வருடங்களுக்குப் பின்னர், அப்பலோ 11 சந்திரனிலிருந்து கொண்டுவந்த கற்களின் இரசாயனப் பகுப்பாய்வுகளை விசாரிப்பதற்காக வில்லியம் வூட்ஸ் என்பவர் லூனார் என்ற முறையை உருவாக்கினார். 1971இல் ஹூஸ்டனில் நடந்த சந்திர விஞ்ஞான மாநாட்டில் புவியியலாளர்கள் தங்கள் சொந்த வார்த்தைகளில் அதனிடம் கேட்டார்கள். 78 வீதமான கேள்விகளுக்கு அது சரியாகப் பதில் சொன்னது. அகராதியில் விடுபட்டிருந்த சொற்கள் போன்ற சின்னச் சின்னக் குறைகளைத் திருத்தினால் அது 90 வீதமாகும் என்று கணக்கிட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்பத் தேவைப்பட்டது புதிய மெஷின் அல்ல, அந்தத் துறைக்காரர்களின் சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மேலே சொன்ன கொட் 1974இல் ரொண்டேவூ என்றொரு திட்டத்தை முன்வைத்தார். அதன் உதாரணம் சப்ளை செய்பவர்கள், உதிரிப்பாகங்கள் பற்றிய கைத்தொழில் தரவு. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. கேள்வி தெளிவில்லை என்றால் கணினி ஊகிக்கக்கூடாது, திருப்பிக் கேட்க வேண்டும். தேடப் போவதற்கு முன்பு, தான் விளங்கிக்கொண்டதைச் சாதாரண வசனத்தில் கேட்டவருக்குச் சொல்லிக் காட்டி, "இதைத்தானே கேட்டீங்க?" என்று உறுதிப்படுத்த வேண்டும். அரை நூற்றாண்டு கழிந்தும் இந்த யோசனைக்கு வயது போகவில்லை என்பது என் எண்ணம்.

இன்றைய பெரிய மொழி மாதிரிகள் கேள்வியைப் பார்த்ததும் வினவலை எழுதிவிடுகின்றன. எவ்வளவு சரியாக எழுதுகின்றன என்று பார்க்கப் பொதுப் பரீட்சைகள் இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஸ்பைடர் அவற்றில் பிரபலமானது. 2023இல் வந்த பேர்ட் என்ற பரீட்சையில் 95 தரவுத்தளங்கள் மீது 12,751 கேள்விகள் இருந்தன. அது வெளிவந்தபோது சட் ஜி.பி.டி. 40 வீதமளவே எடுத்தது. தேர்ந்த மனிதர்கள் 93 வீதமளவு எடுத்தார்கள். அதன் பிறகு மெஷின்கள் வேகமாக முன்னேறின. ஆனால் பழைய ஸ்பைடரில் சிறந்த பெறுபேறு 91 வீதத்தைத் தொட்டிருந்த காலத்தில், உண்மையான நிறுவனங்களின் சிக்கலான தரவுத்தளங்களை வைத்து ஸ்பைடர் 2 என்ற புதிய பரீட்சையைக் கொண்டுவந்தார்கள். அதில் ஆரம்பப் பெறுபேறு ஐந்தில் ஒன்றை ஒட்டியே இருந்தது. பாடப்புத்தகக் கணக்குக்கும் பக்டரிக் கணக்குக்கும் இடையிலுள்ள தூரம் இது. இவை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கேள்விகள் என்பதையும் மறக்கக்கூடாது.

வினவல் சரி, பதில் பிழை

இனி அந்தத் தூரம் எதனால் வருகிறது என்று பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆனால் இந்தச் சிக்கல்கள் தரவோடு வேலை செய்யும் எவரும் அறிந்தவை.

முதலாவது, சராசரி. "இந்தச் சேல்ல எங்கட பக்டரிக்குச் சராசரி விலை என்ன?" என்று கேட்கிறோம். மூன்று லொட் விற்றிருக்கிறது. 1,000 கிலோ 1,000 ரூபாய்ப்படி, 1,000 கிலோ 1,100 ரூபாய்ப்படி, நல்ல தரமான 100 கிலோ 2,400 ரூபாய்ப்படி. எஸ்.கியூ.எல்.இல் சராசரிக்கென்றே ஒரு கட்டளை உண்டு. மெஷின் அதைப் போட்டால் மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் பிரித்து 1,500 ரூபாய் என்று சொல்லும். கணக்கில் பிழையில்லை. ஆனால் தேயிலைக்காரர் சராசரி என்று சொல்வது அதுவல்ல. மொத்த வருமானத்தை மொத்தக் கிலோவால் பிரிப்பதைத்தான் அவர் சொல்கிறார். 23,40,000 ரூபாயை 2,100 கிலோவால் பிரித்தால் 1,114 ரூபாய் 29 சதம் வரும். ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள், கிலோவுக்கு 386 ரூபாய் வித்தியாசம்.

இது கடதாசியில் உள்ள வித்தியாசம் மட்டுமல்ல. இந்நாட்டுத் தேயிலையில் பெரும்பகுதி, பத்தில் ஏழுக்கும் மேல், சிறு தோட்டக்காரர்களின் கொழுந்திலிருந்து வருகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் எம்மவர்கள் பலருக்கும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று தேயிலை உண்டு. அவர்களுக்குப் பக்டரி கொடுக்க வேண்டிய விலை ஒரு சூத்திரத்தின்படி தீர்மானிக்கப்படுகிறது. விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் உற்பத்தியாளருக்கு என்பது அதன் அடிப்படை. அதற்கு மேல் வேறு கணக்குகளும் உண்டு, இலகுவுக்காக அவற்றை விடுகிறேன். 100 கிலோ கொழுந்தில் 21.5 கிலோ தூள் இறங்குகிறது என்று எடுத்தால், முதல் சராசரிப்படி கொழுந்து கிலோவுக்கு 219 ரூபாய். இரண்டாவதுபடி 163 ரூபாய். கொழுந்து கொடுத்தவர் போனில் கேட்டு 219 என்று பதில் வாங்கி, கையில் 163 கிடைத்தால், பக்டரி தன்னை ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைப்பார். நேர்மையான முதலாளிக்கும் அநியாயப் பேர் வரும். இதையே திருப்பிப் பாருங்கள். உண்மையில் குறைத்துக் கொடுக்கும் ஒருவர், "கொம்பியூட்டரே சொல்லுதே" என்று அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும்.

இரண்டாவது, பெயருக்குள் பெயர். பி.ஓ.பி. ஒரு தரம். எஃப்.பி.ஓ.பி. வேறு தரம். பி.ஓ.பி.எஃப். இன்னொரு தரம். மூன்றுக்கும் விலை வேறு. "பி.ஓ.பி. என்ற எழுத்துகள் எங்கே இருந்தாலும் எடு" என்று மெஷின் நிபந்தனை போட்டால், மூன்றும் ஒரே சாக்கில் விழும். அட்டவணையில் பெயர்கள் ஒழுங்கில்லாமல் பதியப்பட்டிருக்கும் என்று ஊகித்து, உதவி செய்யும் நோக்கத்தோடுதான் மெஷின் அப்படிச் செய்கிறது. தரம் தெரிந்தவருக்கு அது உபத்திரவம்.

மூன்றாவது, வினைச்சொல். மேலே "எவ்வளவு போச்சு?" என்ற கேள்வியை நான் விற்பனை என்று எடுத்துக்கொண்டேன். பக்டரி வாசலில் நிற்பவருக்குப் "போச்சு" என்றால் லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போனது. ஏலத்தில் இருப்பவருக்கு விலைபோனது. பழுதான மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வீணாய்ப் போனது. ஏலத்துக்கு வந்து விலைபோகாத லொட்டுகளும் அதே அட்டவணையில் விலை வெறுமையாக இருக்கக் கிடக்கும். கிலோவைக் கூட்டும்போது அவற்றையும் சேர்ப்பதா விடுவதா என்பதை மெஷின் யாரிடமும் கேட்காமல் தீர்மானித்துவிடும்.

நான்காவது, நாள். தேயிலைப் பக்டரியில் இரவுதான் பகல். இன்றைக்குப் பறித்த கொழுந்து பின்னேரம் வந்து, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வாடி, விடியப்புறம் அரைபட்டு, நாளைக்குத்தான் தூளாகிறது. "இன்டைக்குக் கொழுந்துக்கு எத்தனை வீதம் தூள் இறங்கிச்சு?" என்று கேட்டால், இன்றைய தூளை நேற்றைய கொழுந்தால் பிரிக்க வேண்டும். டீமேக்கர் இதைச் சொல்லவே மாட்டார். அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விடயம். மெஷினோ இன்றைய திகதியை இன்றைய திகதியோடு பொருத்தும். மழைநாளில் கொழுந்து கூடிக் குறையும்போது விடை தாறுமாறாக வரும்.

ஐந்தாவது, இரண்டு அட்டவணைகளை இணைப்பது. ஒரு நாள் கொழுந்து மூன்று பேரிடமிருந்து வருகிறது, 400, 300, 300 என மொத்தம் 1,000 கிலோ. அதற்குரிய தூள் இரண்டு தடவையாக இறங்குகிறது, 110, 105 என மொத்தம் 215 கிலோ. இரண்டு அட்டவணையையும் நாளை மட்டும் வைத்து இணைத்தால், மூன்று நிரையும் இரண்டு நிரையும் பெருகி ஆறு நிரைகளாகும். கொழுந்து 2,000 கிலோ என்றும் தூள் 645 கிலோ என்றும் வரும். வீதம் 32க்கு மேல். உண்மையான வீதம் 21.5. முப்பத்திரண்டைக் கண்டதும் டீமேக்கர் சிரித்துவிடுவார், அப்படி ஒரு கொழுந்து இந்த நாட்டில் விளையவில்லை. ஆனால் கொழும்பில் ஏ.சி. அறையில் இருந்து கேட்கும் முகாமையாளருக்கு அது நல்ல செய்தியாகத் தெரியலாம்.

ஆறாவது, எங்கள் சொற்கள். மலையகத் தோட்டங்களில் "பேர்" என்றால் ஆள் மட்டுமல்ல, ஒரு நாள் வேலைக்கான சம்பளக் கணக்கும்தான். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் "அரைப் பேர்" போடுவார்கள். பத்துப் பேர் மலைக்குப் போய், நால்வருக்கு அரைப் பேர் விழுந்தால், தலைகள் பத்து, "பேர்" எட்டு. "இன்டைக்கு எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு எந்த இலக்கத்தைச் சொல்வது? சாப்பாடு கொண்டுபோகிறவருக்குப் பத்து. சம்பளம் போடுகிறவருக்கு எட்டு. அந்த இரண்டு இலக்கத்துக்கும் இடையில் இருப்பது நான்கு பெண்களின் அரைநாள் கூலி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் "பிரட்டு", பக்டரியைக் குறிக்கும் "ஸ்டோர்" போன்ற சொற்களும் அப்படித்தான். மெஷின் படித்த புத்தகத் தமிழில் இவற்றுக்கு இந்தப் பொருள் கிடைப்பது அரிது.

இந்த ஆறிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எதிலுமே எஸ்.கியூ.எல். இலக்கணம் பிழைக்கவில்லை. தரவுத்தளம் தடுக்கவுமில்லை. சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையும் வரவில்லை. இலக்கம் சுத்தமாக வந்து நிற்கிறது. பொரளைச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்குப் போய் "எப்பவும் போல ரெண்டு" என்றால், கடைக்காரர் சரியாக ஒரு பிளேன்டீயும் சீனி குறைத்த ஒரு பால்தேத்தண்ணியும் வைப்பார். அந்த "எப்பவும் போல" என்பதை அவர் எங்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தவர். புதிதாக வந்த பையனிடம் அப்படிச் சொன்னால் அவன் "என்ன ரெண்டு?" என்று கேட்பான். கேட்பதுதான் நல்லது. கேட்காமல் ஏதோ இரண்டைக் கொண்டுவந்து வைப்பவன்தான் பிரச்சினை. இன்றைய மெஷினுக்கு இயல்பாக இருப்பது அந்த மூன்றாமவனின் குணம்.

செய்யக்கூடியவை

அப்படியானால் இந்த வசதியே வேண்டாமா? வேண்டும் என்பதுதான் என் கருத்து. வினவல் மொழி தெரிந்தவர் மட்டுமே கேள்வி கேட்கலாம் என்ற நிலை நல்லதல்ல. ஆனால் சில ஒழுங்குகள் முதலில் நடக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை கணினி வேலையே அல்ல.

முதல் வேலை, சொற்பட்டியல். சராசரி என்றால் எது, போன கிழமை எந்த நாளில் தொடங்குகிறது, "போச்சு" என்றால் எந்த அட்டவணை, "பேர்" என்றால் தலையா கூலியா என்று வேலை தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுத வேண்டும். மெஷின் ஒவ்வொரு கேள்விக்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்கும்படி செய்யலாம். லூனாருக்கு விடுபட்ட சொற்கள் எப்படி முக்கியமாக இருந்தனவோ, இங்கும் அப்படித்தான். இரண்டு விதமாகச் சொல்லப்படும் கணக்குகளுக்கு, சராசரி விலை போன்றவற்றுக்கு, சூத்திரத்தை ஒரு தடவை சரியாக எழுதி வைத்துவிட வேண்டும். மெஷின் அதை எடுத்துப் பாவிக்கட்டும், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

இரண்டாவது, கொட் சொன்னது. இலக்கத்தோடு ஒரு வசனமும் வர வேண்டும். "ஜூன் 3 முதல் 9 வரை ஏலத்தில் விலைபோன, தரம் சரியாகப் பி.ஓ.பி. என்று பதியப்பட்ட 14 லொட்டுகளின் கிலோவைக் கூட்டினேன். விலைபோகாத 2 லொட்டைச் சேர்க்கவில்லை." இப்படித் தமிழில் ஒரு வசனம் வந்தால் எஸ்.கியூ.எல். தெரியாதவரும் பிழையைப் பிடிக்கலாம். "இல்லப்பா, அந்த ரெண்டையும் சேரு" என்று சொல்லலாம். இந்த வசனத்தை மொழி மாதிரி தன் நினைப்பிலிருந்து எழுதக்கூடாது. உண்மையில் ஓடிய வினவலிலிருந்து எடுத்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் செய்தது ஒன்று, சொன்னது இன்னொன்று என்றாகும்.

மூன்றாவது, விடை தெரிந்த கேள்விகள். கையால் கணக்குப் பார்த்து விடை உறுதியான ஐம்பது கேள்விகளை, ஆட்கள் கேட்கிற அதே பேச்சில் எழுதி வைத்துக்கொண்டு, மென்பொருளை மாற்றும் ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பார்க்க வேண்டும். விற்பவர் காட்டும் ஐந்து உதாரணங்களைப் பார்த்துக் காசு கொடுக்கக்கூடாது. அந்த ஐந்தும் எப்போதும் சரியாகத்தான் வரும்.

நான்காவது, எல்லை. மெஷினுக்குத் தரவை வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும், எழுதவோ அழிக்கவோ முடியாதபடி. யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து எந்த நிரைகள் தெரியலாம் என்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்க வேண்டும். கொழுந்து கொடுப்பவர் தன் கணக்கைக் கேட்கலாம், பக்கத்துத் தோட்டக்காரரின் கடனைக் கேட்க முடியக்கூடாது. தரவில் இல்லாததைக் கேட்டால் "அந்த விபரம் என்னிடம் இல்லை" என்று சொல்லப் பழக்க வேண்டும். வெப்பமானி இரவு முழுக்க வேலை செய்யவில்லை என்றால், வெப்பம் பூச்சியம் என்றோ எல்லாம் சரி என்றோ சொல்லக்கூடாது.

ஐந்தாவது, காசு கைமாறும் கணக்குகள். சம்பளம், கொழுந்துக் காசு, கழிவு போன்றவற்றில் பேச்சுக் கேள்வியின் பதிலை வழிகாட்டியாக எடுக்கலாம், இறுதிக் கணக்காக எடுக்கக்கூடாது. சந்தேகம் வந்தால் எந்தெந்த நிரைகளைக் கூட்டினோம் என்று வரிசையாகக் காட்டக் கூடியதாக இருக்க வேண்டும். பழைய கொழுந்துக் கொப்பியில் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்த ஒருவருக்கு இருந்த உரிமை, திரைக்கு முன்னால் இருப்பவருக்கு இல்லாமல் போகக்கூடாது.

யார் எழுதுவது?

சொற்பட்டியலை யார் எழுதுவது என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால், ஆங்கிலத்தில் கேட்பவருக்குத்தான் சரியான பதில் கிடைக்கும். தமிழில் கேட்பவருக்கும் ஒரு பதில் வரும். ஆனால் அவருடைய கேள்வியில் மெஷின் "பேர்" என்பதை ஆளாக்கி, "போச்சு" என்பதை ஏதோ ஒன்றாக்கி, அதற்குப் பிறகுதான் அட்டவணையைப் பார்க்கும். கேட்டவருக்கு இது தெரியவே வராது. தன் பாஷையில் கேட்டோம், தன் பாஷையில் பதில் வந்தது என்று நம்பிவிடுவார்.

கணக்கப்பிள்ளை, டீமேக்கர், கங்காணி, ஆடைத் தொழிற்சாலையில் லைன் பார்ப்பவர், புறக்கோட்டையில் ஸ்டொக் எழுதுபவர் ஆகியோரிடம் இந்தச் சொற்கள் இருக்கின்றன. பெரும்பாலும் எங்கும் எழுதப்படாமல் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் எம் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். ஒரு பக்டரியை எடுத்து, அங்கே ஒரு மாதம் ஆட்கள் ஒருவருக்கொருவர் கேட்கும் கணக்குக் கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் சரியான வினவலையும் விடையையும் பக்கத்தில் வைத்தால், அது நல்ல ஆய்வாகவும் இருக்கும், நாளைக்கு வாங்கப்போகும் எந்த மென்பொருளையும் பரீட்சிக்கும் கோலாகவும் இருக்கும்.

வியாபாரமோ தொழிற்சாலையோ நடத்தும் வாசகர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் கிழமை உங்கள் இடத்தில் ஆட்கள் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, எந்தக் கணக்கைப் பார்த்து எப்படிப் பதில் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லும் கேள்விகளை முதலில் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மெஷினை அதன் பிறகு வாங்கலாம்.